முடிச்சு போக வேண்டிய வளையம்

கம்பு ஒவ்வொன்றோடும் ஓர் அட்டை போகிறது. அதில் இரண்டு பெயர் எழுத இடம் இருக்கிறது. ஒன்று ‘கட்டியவர்’, இன்னொன்று ‘எடுத்தவர்’. புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறீர்களாம். முதலாளி போனில் சொன்னார். “நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா, நான் சொன்னா கேக்க மாட்டேங்காவ” என்றார். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. வேலையில் இருந்த காலத்திலேயே வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன், ஆனாலும் எழுத வரும். எழுதியே தருகிறேன். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்தில் மில் வேலை என்றால் எல்லாருக்கும் புரியும். பேண்டேஜ் துணி என்றாலும் புரியும். தூண்டில் கம்பு செய்கிறோம் என்றால் சிரிப்பார்கள். “கண்மாய்க்கா?” என்று கேட்பார்கள். கண்மாய்க்கு இல்லை. நம் கம்பில் புழு கோர்ப்பது கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. கோழி இறகை நூலால் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து அதை எறிவார்கள். அந்தப் பூச்சிக்குக் கனமே இல்லை. அதனால் எறிகிற கனம் நூலில் இருக்க வேண்டும். நூல் தடியாக, வழுவழுவென்று இருக்கும். அது கம்பின் மேல் வரிசையாக இருக்கும் வளையங்கள் வழியாகப் போய்வரும். அந்த வளையத்தைத்தான் கைடு என்கிறோம்.

கைக்குப் பக்கத்தில் உள்ள கைடு பெரியது. நுனிக்குப் போகப் போகச் சிறியது. எத்தனை வளையம், எந்த அளவு, எந்தக் கம்பி, எங்கெங்கே என்று முடிவு செய்வது எடுப்பது. அதை நூல் சுற்றி இறுக்குவது கட்டுவது. கட்டுவது கையில் இருக்கிறது, ஆறு மாதத்தில் வந்துவிடும். எடுப்பது வேறு. ஒரு வளையம் பெரிதானால் நுனி கனத்துக் கம்பு சோம்பிப் போகும். சின்னதானால் நூல் தேயும், அதைவிட மோசமும் நடக்கும். அந்த மோசத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலாளி எங்கள் மில்லில் மெஷின் பராமரிப்பு பார்த்தவர். நான் அதே மில்லில் ஸ்பின்னிங்கில் பதினெட்டு வருஷம் நின்றேன். மில் மூடியபோது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் இந்த ஷெட்டைப் போட்டார். மலை ஓடைகளில் மீன் பிடிக்கிற பைத்தியம் அவருக்கு. அவர் தனக்கென்று செய்த கம்பைப் பார்த்து நாலு பேர் கேட்டார்கள், நாற்பது பேர் ஆனார்கள். நூல் பழகிய விரல் வேண்டும் என்று என்னையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டார். முதலில் கட்டினேன். பிறகு எடுக்கிற மேஜைக்கு வந்தேன்.

எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த தப்புக்கு அதுதான் வேர். நீலகிரியில் இருந்து ஒரு கம்பு திரும்பி வந்திருந்தது. நூல் அடிக்கடி பிய்ந்து போகிறது, ஏனென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். முதலாளி பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வளையமாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நான் ஒரு துணுக்குப் பஞ்சை விரலில் திரித்து, அடியில் இருந்த பீங்கான் பதித்த வளையத்துக்குள் விட்டு மெல்லச் சுற்றினேன். மில்லில் நூல் போகிற கண்ணை அப்படித்தான் பார்ப்போம். ஓரிடத்தில் நாலு இழை சிக்கி நின்றது. அங்கே பீங்கானில் மயிரை விட மெல்லிய கீறல். முதலாளி என்னையும் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாளில் இருந்து நான் எடுக்கிறவள் ஆனேன்.

அன்றைக்கு வந்த ஒரு நினைப்பு எனக்குள் உட்கார்ந்துவிட்டது. நூல் எங்கே ஓடினாலும் நூல்தான், மில்லில் படித்ததே போதும் என்ற நினைப்பு.

எனக்குக் கட்டுகிறவளாக எஸ்தர் வந்தாள். வத்திராயிருப்புக்காரி. என்னை விடப் பதினாலு வயது இளையவள். வாய் நிற்காது. நான் ஒரு நாளில் பேசுவதை அவள் பஸ்ஸை விட்டு இறங்கி ஷெட்டுக்குள் வருவதற்குள் பேசி முடித்துவிடுவாள். “பேச்சியம்மான்னு உங்களுக்குப் போய் எந்த மகராசிக்கா பேரு வச்சா? பேச்சே இல்லையே” என்பாள். நான் சிரித்துக்கொண்டு வளையத்தைக் கொடுப்பேன். கொடுத்ததை அப்படியே கட்டமாட்டாள். “இது எதுக்குக்கா இவ்வளவு கிட்டக்க?” “இந்த வளையம் கம்புல உக்கார ஒத்தக்கால் ஏன், அதுக்கு ரெட்டக்கால் ஏன்?” என்று எல்லாவற்றுக்கும் கேள்வி வைத்திருப்பாள். எனக்கு எரிச்சலாகவும் வரும். ஆனால் அவள் கேட்டு, நான் பதில் சொல்லத் திணறி, மாற்றி எடுத்த வளையங்கள் பல உண்டு.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் கோயம்புத்தூரில் இருந்து ஓர் ஐயா வந்தார். மலைத்தோட்டம் ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இமயமலைப் பக்கம் ஓர் ஆற்றில் பெரிய கெண்டை இருக்கிறது, பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார். எஸ்தர் என் காதில், “விடுறதுக்கா அம்புட்டுத் தூரம் போறாவ? நம்ம பிளவக்கல் அணையிலயே விடலாமே” என்றாள். அவருக்குக் கேட்டுவிட்டது. கோபிக்காமல் சிரித்தார். பிறகு வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டு முறிந்து சேர்ந்த கை. கொஞ்சம் திரும்பியிருந்தது.

“நுனியில கனம் இருந்துச்சுன்னா மத்தியானத்துக்குள்ள கை செத்துருதுங்கம்மா. எனக்கு லேசா வேணும். இந்த ஒரு தடவை போயிட்டு வந்துட்டா, அப்புறம் வீட்டம்மா விட மாட்டாங்க” என்றார்.

அவருக்கென்று சொல்லியிருந்த, வளையம் கட்டாத வெறும் கம்பு வந்து சேர்ந்தபோது அவர் கிளம்ப ஐந்து நாள்தான் இருந்தது. முதலாளிக்கு மதுரையில் வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை போடக் கூச்சமாக இருந்தது. படுத்திருக்கிற மனிதரை வளையத்துக்காகவா எழுப்புவது என்று விட்டுவிட்டேன்.

டிராயரில் இருந்தது இதுதான். பெரிய அளவில் கனமான இரும்புக்கம்பி வளையம் இருந்தது. கனமில்லாத கம்பியில் அதைவிட இரண்டு அளவு சின்னதுதான் இருந்தது. கனமில்லாத பெரியது வெளிநாட்டில் இருந்து வர வேண்டும், மூன்று வாரம் ஆகும். பெரிய மீனுக்குப் பெரிய வளையம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை. தடித்த நூலுக்கு இடம் வேண்டும் என்றுதான் புரிந்துவைத்திருந்தேன்.

இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். அந்த ஐயாவின் மணிக்கட்டை நினைத்தேன். நுனி வளையத்தையும் அதற்கடுத்த மூன்றையும் சின்னதாக எடுத்தேன். ஒட்டுக் காகிதத்தால் தற்காலிகமாக ஒட்டி, ஷெட்டில் உள்ள நூலை ஓட்டிப் பார்த்தேன். தடையில்லாமல் போனது. கம்பை வளைத்துக் கட்டிப் பார்த்தேன், நூல் எங்கேயும் கம்பில் உரசவில்லை. லேசான கம்பு. கையில் எடுத்தால் கை இருப்பதே மறந்துவிடும்.

எஸ்தரிடம் கொடுத்தேன். அவள் நுனி வளையத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“யக்கா, தடி நூலுக்குப் பின்னாடி ஒரு மெல்லிசு நூலு சேத்திருப்பாவல்ல? மீனு தூரமா ஓடுனா வெளிய போறதுக்கு.”

“ஆமா.”

“ரெண்டும் சேர்ற எடத்துல முடிச்சு இருக்குமே. அது இதுக்குள்ள போகுமா?”

ஷெட்டில் இருந்த நூலில் அந்தப் பின்நூல் கிடையாது. ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும் வைத்திருந்த துண்டு அது. முடிச்சு என்ற ஒன்று என் கண்ணிலேயே படவில்லை.

“முடிச்சு வெளிய வார வரைக்கும் நூலு போச்சுன்னா அந்த மீனு போச்சுன்னு அர்த்தம். நீ கட்டு” என்றேன்.

“ஒரு முடிச்சப் போட்டு இழுத்துப் பாப்பமேக்கா. செத்த நேரந்தான ஆகும்.”

“நாளைக்குப் பூச்சு பூசணும், காயணும். கட்டுட்டி.”

அவள் என்னைப் பார்த்தாள். தோளைக் குலுக்கிக்கொண்டு நூலை எடுத்துக் கட்டினாள்.

எனக்கு அந்தக் கேள்வி ஏன் உறைக்கவில்லை என்று பிறகு பல வருஷம் யோசித்திருக்கிறேன். மில்லில் நின்றவளுக்கு முடிச்சு என்றால் குற்றம். நூலைக் கோனில் சுற்றுகிற இடத்தில் அது ஓடுகிற வழியில் ஒரு சின்னச் சந்து வைத்திருப்பார்கள். நல்ல நூல் போகும். முடிச்சோ திரட்டோ வந்தால் அங்கே நின்று நூல் அறுந்துவிடும். அறுந்தால் நல்லது, குற்றம் துணிக்குள் போகாமல் தப்பித்தது என்று அர்த்தம். முடிச்சை நிறுத்துகிற கண்தான் நல்ல கண். பதினெட்டு வருஷம் என் கண்ணும் கையும் அதையே படித்திருந்தன. முடிச்சு நிற்காமல் போக வேண்டிய ஒரு வளையம் உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அவளுக்கு மில் பழக்கம் கிடையாது, அதனால் தோன்றியது. நான் அவளை அடக்கினேன்.

ஐயா வந்து கம்பை வாங்கி நாலு தடவை வீசிப் பார்த்தார். “இறகு மாதிரி இருக்குதுங்க” என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் உள்ளே போய்விட்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். காலையில் ஒரு கார் வந்து நின்றது. ஐயாவின் மனைவியும், அவரோடு ஆற்றுக்குப் போயிருந்த நண்பர் ஒருவரும் இறங்கினார்கள். நண்பர் கையில் போர்வையில் சுற்றிய கம்பு இருந்தது. முதலாளி அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். நண்பர் போர்வையை விலக்கிக் கம்பை என் மேஜை மேல் வைத்தார்.

நுனியில் இருந்து இரண்டாவது வளையத்தில் முடிச்சு நின்றிருந்தது. பின்நூலும் தடி நூலும் சேர்கிற முடிச்சு, பசை போட்டுக் கெட்டியாக்கியது. மில்லில் சந்தில் திரட்டு நிற்குமே, அதே மாதிரி. யாரும் அதை எடுக்கவில்லை. அப்படியே கொண்டுவந்திருந்தார்கள்.

நண்பர் நின்றுகொண்டே சொன்னார். “பெரிய மீனுங்க. ஓடுச்சு, ஓடட்டும்னு விட்டாரு. தடி நூலு பூரா போயிருச்சு. அப்புறம் சட்டுன்னு நின்னுருச்சு. ரீலு சுத்தவே இல்ல. ‘என்னமோ மாட்டிக்கிச்சு’ன்னு என்னைப் பாத்துச் சத்தம் போட்டாரு. நூலைத் தளத்தணுமில்லீங்க, ரெண்டு அடி முன்னால வெச்சாரு. அங்க தரை இல்லீங்க.”

பூச்சு காய வைக்கிற மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“கம்பு அன்னைக்கே கெடச்சுது. அவரு நாலாம் நாளுதாங்க” என்றார்.

அந்த அம்மா அழவில்லை. “இதை யாரு செஞ்சாங்க?” என்று மட்டும் கேட்டார்.

முதலாளி பைலில் இருந்து அட்டையின் நகலை எடுத்தார். அப்போது அட்டையில் ஒரு பெயருக்குத்தான் இடம். கட்டியவர், எஸ்தர். முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

எஸ்தர் எழுந்து வந்து மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். முடிச்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவ்வளவு பேசுகிறவள் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்வதற்கு அவள் இடம் விட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் மேஜை மேல் கிடந்த பசைத் துணியைப் பார்த்தேன்.

“நீங்களாங்க கட்டுனது?” என்றார் அந்த அம்மா.

எஸ்தர் இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். “கட்டுனது நாந்தேன்மா” என்றாள்.

அந்த அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “விரலு எல்லாம் நல்லாத்தான் இருக்குது. கண்ணும் தெரியுது” என்றார். கைகளை விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். கம்பை எடுத்துக்கொள்ளாமலே காரில் போய் உட்கார்ந்தார்.

கூச்சத்தால் பேசவில்லை என்றுதான் நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கூச்சத்தில் வாயடைத்தவள் என்றால் அன்று மத்தியானம் டப்பாவைத் திறந்து சோறு தின்றிருக்க மாட்டேன். பயம்தான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, கடைசி மகள் கல்யாணத்துக்கு நிற்கிற நேரம். இந்த மேஜையை விட்டால் எனக்கு வேறு இல்லை. நான் கணக்குப் போட்டுத்தான் வாயை மூடினேன்.

எஸ்தரை அன்றைக்கே முதலாளி நிறுத்திவிட்டார். சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், எப்போதும் உட்காரும் இடத்தில். மடவார்வளாகம் கோயிலைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

“வாய்க்குள்ள கொழுக்கட்டையாக்கா வச்சிருந்திய?” என்றாள். விளையாட்டாகச் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தாள், முடிக்கிறபோது குரல் அப்படி இல்லை. “நீங்க சொல்லுவியன்னு பாத்தேன். நானா சொன்னா காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்னு நின்னேன்.”

நான் அவள் கையைத் தொடப் போனேன். பையை மடிக்கு நகர்த்திக்கொண்டாள். என் நிறுத்தம் வந்தது, நான் இறங்கினேன். அவள் வத்திராயிருப்பு பஸ் மாறுவதற்கு அதே பஸ்ஸில் மேலே போனாள்.

பதினோரு நாள் வேலைக்குப் போனேன். எடுத்தேன், கட்டுவதையும் நானே பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் முதலாளி என் மேஜையருகில் வந்து, “நீங்க இருக்கப்போய்த்தாம்மா எனக்கு நிம்மதி. இல்லன்னா இன்னும் எத்தனை கம்பு இப்படிப் போயிருக்குமோ” என்றார். அந்த வார்த்தையை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. சொல்லிவிட்டேன். எந்த அளவு எடுத்தேன், எஸ்தர் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும், தரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

முதலாளி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.”

“ஆமாய்யா.”

“போன் போட்டியளா எனக்கு?”

“ரெண்டு தடவ.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பெரிய வளையம் போடுங்கன்னு சொல்லிக் குடுத்தேன். எதுக்குன்னு நானும் சொல்லல” என்றார். பிறகு, “எஸ்தரை வரச் சொல்லுங்க. ஆனா கோயம்புத்தூர்க்காரம்மாகிட்ட போக வேண்டாம். ஆளை நிறுத்திட்டேன்னு சொல்லியாச்சு. இப்பப் போயி அவ இல்ல, இவன்னு சொன்னா நம்மள என்னன்னு நெனப்பாவ?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பு போனேன். எஸ்தர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஒரு தேங்காய்க் களத்தில் கொப்பரை திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிறு அன்றும் வேலைக்கு நிற்க வேண்டியதாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. முதலாளி வரச் சொன்னதைச் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன்.

“மொதலாளிகிட்டயா?”

“ஆமா.”

“அந்தம்மாகிட்ட?”

இல்லை என்று தலையசைத்தேன்.

“வேலை கெடக்கட்டும்க்கா. வேலைக்கா நான் உக்காந்து அழுதுட்டு இருக்கேன்? அந்தம்மா என் கையப் பாத்தாவல்ல. அதுல என்ன இருக்குன்னு தேடுனாவ. ஜெபம் பண்ணக் கையக் கோத்தா அதுதான் வருது.” ஒரு கொப்பரையைத் திருப்பிப் போட்டாள். “அவியகிட்ட நீங்க சொன்னா வாரேன். இல்லாட்டி இது போதும் எனக்கு.”

நான் அதுவரை தனியாக மதுரையைத் தாண்டிப் போனதில்லை. ஷெட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பெண்ணிடம் அட்டையில் இருந்த முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு, மதுரை போய், அங்கிருந்து கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். வழி கேட்கிற கூச்சத்தில் இரண்டு தெரு தப்பிப் போனேன். ஒருவழியாக வீட்டைக் கண்டுபிடித்து மணி அடித்தேன். அந்த அம்மாவே கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவள் நான், என்னை எதற்கு அவர் பார்த்திருக்கப் போகிறார்?

வாசலில் நின்றபடியே சொன்னேன். வளையம் எடுத்தது நான், கட்டிய பெண் இல்லை. அவள் கொடுத்ததைக் கட்டினாள்.

அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்.

“அந்த முடிச்சு அதுல போகாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியாது என்று சொல்லி எழுந்து வந்திருக்கலாம். தெரியாது என்பதும் ஒரு விதத்தில் உண்மைதான். ஆனால் வந்தது அதற்கில்லை.

“எனக்குத் தோணலம்மா. ஆனா அந்தப் புள்ள கேட்டா. முடிச்சுப் போட்டு இழுத்துப் பாப்பம்னு சொன்னா. நாந்தேன் வேண்டாம்னேன்.”

“எவ்வளவு நேரம் ஆயிருக்கும், இழுத்துப் பாக்க?”

“அரை மணி நேரம்.”

அந்த அம்மா தலையை ஆட்டினார். “கை தப்பிருச்சு போலன்னு இத்தனை நாளா மனசைத் தேத்தி வெச்சிருந்தேன். யாருக்கும் கை தப்பும். நீங்க வந்து அரை மணி நேரம்னு சொல்றீங்க” என்றார். பிறகு, “அந்தப் பொண்ணுகிட்ட நான் கையைப் பிடிச்சதுக்கு மன்னிச்சுக்கச் சொல்லுங்க. நீங்க கெளம்புங்க” என்றார்.

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் மனப்பாரம் இறங்கும் என்பார்கள். என் பாரம் இறங்கவில்லை. அவருக்கு ஒன்று கூடியது. ஆனாலும் எஸ்தர் கையில் இருந்தது என் கைக்கு வந்தது. வர வேண்டிய இடம் அதுதான்.

எஸ்தர் வேலைக்கு வந்தாள். அட்டையில் இரண்டாவது பெயருக்கு இடம் விட்டது அந்த வாரம்தான். முதலாளி பின்நூல் சேர்த்த ஒரு முழு நூலையும் வாங்கி வைத்தார். நீங்கள் ஒவ்வொரு கம்பிலும் முடிச்சை இழுத்துப் பார்க்கிறீர்களே, அது அந்த நூல்தான். எதற்கு என்று கேட்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இப்போது தெரிந்துகொள்ளுங்கள். எடுக்கிறவளுக்குப் பழைய வேலையின் பழக்கம் ஏதாவது இருக்கும். உங்களில் ஒருத்தி தையலில் இருந்து வந்திருக்கிறாள், ஒருத்தி தீப்பெட்டி ஆபீசில் இருந்து வந்திருக்கிறாள். அந்தக் கை உங்களுக்கு உதவும். எந்த இடத்தில் அது உங்களைத் தப்பான பக்கம் இழுக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் இருக்கிறவளுக்குத் தெரியும். அவள் கேட்டால் அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள்.

அதற்குப் பிறகு எஸ்தர் ஒன்பது வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டினாள். மற்றவர்களோடு பழையபடி பேசினாள், சிரித்தாள். என்னிடமும் முகம் சுளிக்கவில்லை. “சாப்பிட்டாச்சாக்கா?” என்பாள், “பஸ்ஸு வந்துட்டுக்கா” என்பாள். ஆனால் நான் எடுத்துக் கொடுத்ததை வாங்கி அப்படியே கட்டினாள். இது ஏன் இவ்வளவு கிட்டக்க என்று கேட்கவில்லை. இது போகுமா என்று கேட்கவில்லை.

ஒரு நாள் வேண்டுமென்றே தப்பாக எடுத்து வைத்தேன். கைப்பக்கத்தில் இருந்து ஐந்தாவது வளையத்தை ஆறாவதைவிடச் சின்னதாக வைத்துக் கொடுத்தேன். கண் தெரியாதவளுக்கும் விரலில் தட்டுப்படும். அவள் அதை எடுத்தாள், விரலில் ஒரு தடவை உருட்டினாள். கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் நூலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்று சுற்றாக, பிசிறில்லாமல், அழகாகக் கட்டி முடித்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவள் கை கழுவப் போன பிறகு பிளேடை எடுத்து, கம்பில் கீறல் விழாமல், அந்தக் கட்டை நானே அறுத்தேன்.